சந்தியாகு ஊற்றினால் ஒழுகாது

ரசமட்டத்தின் கண்ணாடிக்குள் இருந்த குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றதைச் சந்தியாகு மூன்றாம் தடவையாகக் குனிந்து பார்த்தான். நின்றுதான் இருந்தது. நான்காம் தடவை பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் முழங்கால் நிமிர மாட்டேன் என்றது. பக்கத்துத் தெருக் கொத்தனாரிடம் இரவல் வாங்கி வந்த மட்டம். தரை சரி, தரைமேல் டபுள் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும் புல்லட்டும் சரி. சரியில்லாதது வேறு. இந்த வண்டி மச்சினன் அமலதாசுடையது. பதினாலு மாதமாகத் தண்ணீர்த் தொட்டியோரம் தார்ப்பாய்க்குள் கிடந்து, சந்தியாகு கையால் ஒவ்வொரு உறுப்பாக உயிர் வந்து, இன்றைக்குப் பத்து மணிக்கு அவன் வந்து எடுத்துப் போகிறான். அதற்குள் இடது பக்க மூடிக்குள், எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு பிரைமரி செயின் ஓடுகிற அந்த அலுமினிய வயிற்றுக்குள், எண்ணெய் ஊற்றி மட்டம் பார்த்து மூட வேண்டும். அது ஒரு வேலை. உன் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனதற்குக் காரணம் கடையில் வாங்கிய செயின் இல்லை, அத்தான் ஊற்றிய எண்ணெய் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு அரைமணி நேரம் போதும். இரண்டாவதற்கு மூன்று வாரம் போதவில்லை.

ஐஸ் பாக்டரியில் ராத்திரி முழுக்கக் கம்ப்ரசர் பார்த்துவிட்டு ஆறரைக்கு வந்தவன் படுக்கவில்லை. படுத்தாலும் காதுக்குள் கம்ப்ரசர் ஓடும், பகலெல்லாம் ஓடும், இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் தூங்குகிறான், சாப்பிடுகிறான், பூசைக்குப் போனால் சாமியார் பிரசங்கத்துக்கு அடியிலும் அது ஓடுகிறது. வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினான். கழுவுவதற்காக நேற்று ஊற்றியிருந்த எண்ணெய் இளஞ்சூட்டில் இளகி அடித்திருகு வழியாக ஒரே நூலாக வடிந்தது, வடிந்து, மெலிந்து, நூல் அறுந்து சொட்டாகி, சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையில் ஒரு மூச்சு, அப்புறம் இரண்டு மூச்சு. அவசரப்படக் கூடாது. எண்ணெய்க்கு அவசரம் கிடையாது. அடித்திருகைப் புது வாஷர் போட்டு முடுக்கிவிட்டு, மூடியின் கீழ்ப்பகுதியில் இருக்கிற அந்தச் சின்னத் திருகைக் கழற்றினான். லெவல் ஸ்க்ரூ. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. மேலே உள்ள வட்ட மூடி வழியாக ஊற்ற வேண்டும், உள்ளே எண்ணெய் ஏறி ஏறி இந்தத் துளையைத் தொட்டதும் தானாக வெளியே கசியும், கசிந்தால் போதும் என்று அர்த்தம். கூடினால் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் செயின் காயும். போதும் என்பதை வண்டியே சொல்லிவிடுகிறது. மனுஷருக்கு அப்படி ஒரு துளை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், நெஞ்சில் ஓர் அளவுக்குமேல் ஏறினால் விலா ஓரமாகச் சொட்டிவிடும், பக்கத்தில் இருப்பவர் பார்த்து, சரி சந்தியாகு, நிறுத்திக்கோ என்பார்.

மட்டம். எண்ணெய் மட்டம், தரை மட்டம், ரசமட்டம். மட்டமாக இருக்கிறது என்றால் கொத்தனாருக்குச் சரியாக இருக்கிறது என்று பொருள், சாப்பாட்டுக் கடையில் அதையே சொன்னால் அடிக்க வருவார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஆரம்பித்தவன் அவன், போட்டுப் போட்டு ஒருநாள் போகாமலே இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அவனை யார் மட்டம் தட்டினாலும் வாயால் பதில் சொன்னதில்லை, ஸ்பேனரால் சொன்னான். யாரிடமும் போய் நின்று கற்றுக்கொள்ளவில்லை. பிரித்துப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான், மிஞ்சின திருகைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க யோசித்தான். அவன் முதன்முதலாகப் பிரித்த புல்லட் ஹார்பர் பக்கம் யாரோ பழைய இரும்புக்குப் போட இருந்தது. உப்புக்காற்றில் டபுள் ஸ்டாண்ட் துருப்பிடித்து ஒடிந்து விழுந்துவிட்டிருந்தது. சைடு ஸ்டாண்ட் ஒன்றுதான் மிச்சம். ஆகவே அந்த வண்டியில் அவன் கற்ற எல்லாமே சாய்ந்த வண்டியில் கற்றது. சாய்த்து நிறுத்தி எண்ணெய் ஊற்றினான், துளையில் சொட்டியது, மூடினான். முடிந்தது பாடம். அதற்குப் பிறகு இரண்டு ஸ்டாண்டும் உள்ள வண்டிகள் எத்தனையோ வந்தன, எல்லாவற்றையும் சைடு ஸ்டாண்ட் போட்டே மட்டம் பார்த்தான், இன்னொரு கால் இருக்கிறதே என்று ஒருநாளும் தோன்றவில்லை. சைடு ஸ்டாண்ட் இடது பக்கம். செயின் ஓடும் மூடியும் இடது பக்கம். துளையும் அதே பக்கம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கிற கொஞ்ச எண்ணெயும் ஓடிவந்து துளைப்பக்கம் குவியாதா, பாதி நிறையும்போதே சொட்டாதா, சாய்த்த சொம்பில் தண்ணீர் எந்தப் பக்கம் வருமென்று ரெண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே. ஆனால் கேட்க வேண்டுமே. யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொண்டேன் என்பதல்லவா அவன் பெருமை.

"இன்னும் படுக்கலையா? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு." வாளியோடு தொட்டிக்கு வந்த அவன் பெண்டாட்டி ஜெசிந்தா தரையில் கிடந்த ரசமட்டத்தைப் பார்த்தாள். "இது என்ன? மாடி எடுக்கப் போறீங்களோ? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"எண்ண மட்டம் பாக்குறதுக்கு."

"முன்னயெல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஊத்துவீங்க. தம்பி வண்டின்ன ஒடனே அளவுகோல் கேக்குதாக்கும்." தண்ணீர் மொண்டுகொண்டே சிரித்தாள். "பத்துக்கு வாரேம்ன்னான்னா பதினொன்னு ஆக்கிருவான். பேண்டுக்காரன் எந்தக் கலியாணத்துக்கு நேரத்துக்குப் போயிருக்கான்? போயி ஒரு மணி நேரம் சாஞ்சிட்டு வாங்க."

சாய்ந்துவிட்டு. அந்தச் சொல்லும் இப்போதுதான் வர வேண்டுமா.

"ஜெசி."

"என்ன?"

"ஒன்னுமில்ல. பழந்துணி இருந்தாத் தா."

கொடியில் கிடந்த ஒரு கிழிந்த பனியனை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டுப் போனாள். மூன்று வாரத்தில் இது எத்தனையாவது ஒன்றுமில்லை என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, விட்டுவிட்டு, புனலை வைத்து ஊற்ற ஆரம்பித்தான். புது எண்ணெய், தேன் நிறம், வெயில் பட்டதும் உள்ளே ஒரு விளக்கு ஏற்றின மாதிரி. மெதுவாக. ஊற்றி, நிறுத்தி, அது உள்ளே செயின் கண்ணிகளுக்கிடையில் வழிந்து அடங்கும்வரை பொறுத்து, மறுபடி கொஞ்சம். சந்தியாகு ஊற்றினால் ஒழுகாது என்று ஊரில் ஒரு பேர். புல்லட் வைத்திருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது, அந்த மூடி நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்பது, எப்படி முடுக்கினாலும் எங்காவது வேர்க்கும், வீட்டு வாசலில் எண்ணெய்க் கோலம் போட்டுவிடும், பெண்டாட்டிகள் திட்டுவார்கள். சந்தியாகு கை பட்ட வண்டி மட்டும் காய்ந்து நிற்கும். கை ராசி என்றார்கள். ஒரு டீக்கடைக்காரர் தன் வண்டியைத் தெரு முழுக்கக் காட்டி, பாரு, நாலு மாசமாச்சு, தரையில ஒரு பொட்டு இருக்கா என்றார். அவனும் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்தான். எங்கிருந்து ஒழுகும்? உள்ளே இருந்தால்தானே ஒழுகும். இல்லாத ஒன்றைச் சிந்தாமல் வைத்திருந்ததற்குத்தான் அத்தனை புகழும்.

அமலதாசுக்கும் அப்படித்தான் ஊற்றிக் கொடுத்தான். அமலதாஸ் ஜெசிந்தாவின் ஒரே தம்பி, பேண்டு செட்டில் கிளாரினெட், மாதா கோயில் திருவிழாவில் அவன் வாசிக்க ஆரம்பித்தால் கடலை விற்கிறவள் படியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். புது செயின் ஒன்று கொம்பையாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கி வந்து, அத்தான், நீங்கதான் மாட்டணும் என்றான். மாட்டினான், சாய்த்தான், ஊற்றினான், சொட்டியதும் மூடினான். ஏழு மாதம். வல்லநாட்டுப் பக்கம் பகல் வெளிச்சத்தில் காலியான ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது செயின் அறுந்து சுருண்டு கிளட்சுக்குள் சிக்கி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் வண்டிக்கும் தாருக்கும் நடுவில். ஆபரேஷன் ஆயிற்று, கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், அந்த இரண்டும் யாரையோ சுட்டிக்காட்டுகிற மாதிரி நீட்டியே நின்றுவிட்டன. கிளாரினெட்டின் துளையை மூட விரல் வேண்டும். டிரம் அடிக்க அந்த இரண்டு விரல் வேண்டாம். இப்போது டிரம் அடிக்கிறான். வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கிய அன்று சந்தியாகுதான் மூடியைக் கழற்றினான், அது விழுந்ததில் விரிசல் விட்டு எண்ணெய் கொட்டிப் போயிருந்தது, ஆகவே எவ்வளவு இருந்தது என்று பார்க்க வழியில்லை, எவ்வளவு வசதி. ஆனால் அறுந்த செயினின் கண்ணிகளில் ஒரு நீலம் ஓடியிருந்தது. மயில் கழுத்து நீலம். இரும்பு காய்ந்து சூடேறினால்தான் அந்த நீலம் வரும் என்று கம்ப்ரசர் அவனுக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்தது. அந்த நீலத்தை விரலால் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. பின்னால் நின்ற ஜனங்கள் என்னண்ணே என்றார்கள். அவன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது. டூப்ளிகேட். அவ்வளவுதான் சொன்னான். மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். அமலதாஸ் கட்டுப்போட்ட கையோடு போய்க் கொம்பையா கடை வாசலில் நின்று கத்தியதும், கடையில் நின்ற பையன்கள் மறுநாளே அவருக்கு டூப்ளிகேட் கொம்பையா என்று பேர் வைத்ததும், அந்தப் பேர் தெருவில் அவருக்கு முன்னால் நடந்து போவதும் எல்லாம் அந்த ஒரு சொல்லின் சம்பாத்தியம். கொம்பையா அறுபது வயது மனுஷர். எதிரே வந்தால் இப்போது சந்தியாகுவைப் பார்த்துச் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறார். தப்புச் செய்தவன் நேராக நடக்கிறான், செய்யாதவர் ஒதுங்குகிறார்.

துளையைப் பார்த்தான். காய்ந்திருந்தது. பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றியாயிற்று. சைடு ஸ்டாண்டில் இருந்திருந்தால் இந்நேரம் சொட்டியிருக்கும், மூடியிருப்பான், கையைத் துடைத்திருப்பான். மூன்று வாரத்துக்கு முன் கோயமுத்தூரிலிருந்து கம்ப்ரசர் சர்வீசுக்கு வந்த பிட்டர் மட்டும் அன்றைக்கு வராமல் போயிருந்தால். அந்த ஆள் வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கம்ப்ரசர் அடித்தட்டில் வைத்தார். சந்தியாகு சிரித்தான். எண்ணெய் பாக்கச் சொன்னா வீடு கட்டுதீரே என்றான். அந்த ஆள் கோபிக்கவில்லை. "மெசின் மட்டமா நிக்குதான்னு பார்க்காம எண்ணெய் மட்டத்த எப்படிங்க பார்ப்பீங்க? சாஞ்சு நின்னா கண்ணாடி பொய் சொல்லுமுங்க." ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். பொய் சொல்லுமுங்க. அன்று காலை வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தார்ப்பாயை விலக்கி, புது மூடி மாட்டியிருந்த வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டு, பழைய எண்ணெயை ஊற்றிச் சொட்டியதும் மூடி, பிறகு டபுள் ஸ்டாண்டில் தூக்கி நிமிர்த்தித் துளையைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மேலே இருந்து ஊற்றினான், ஊற்றினான், வரவில்லை. ஒரு டம்ளருக்குமேல் போன பிறகுதான் முதல் சொட்டு. உள்ளே விட்டெடுத்த ஸ்கேலில் முன்னும் பின்னும் எண்ணெய் தொட்ட இரண்டு அடையாளத்துக்கும் இடைவெளியைப் பார்த்தான். அந்த அளவைத் தனக்குள் சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

அந்தச் செயின் நிஜமாகவே மட்டமானதாக இருந்திருக்கலாமே என்று மனம் மறுபடியும் அந்த மூலைக்குத்தான் ஓடியது, மூன்று வாரமாக அங்கேதான் ஓடுகிறது, பூனை சட்டியைச் சுற்றுகிற மாதிரி. இருந்திருக்கலாம். டீக்கடைக்காரர் வண்டியும் அப்படித்தானே ஊற்றப்பட்டது, அதன் செயின் அறுந்து போகவில்லையே. ஆனால் அவர் வண்டி டீக்கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டி, அமலதாஸ் வண்டி மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் கச்சேரிக்குப் போன வண்டி. பதினெட்டு வருஷத்தில் அவன் ஊற்றிய வண்டிகள் எல்லாம் வரிசையாக வந்து மனசுக்குள் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. போன வாரம் முதல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சும்மாதான், எண்ணெய் மாத்திருவோம், காசு வேண்டாம் என்று நாலு வண்டிக்குச் சரியாக ஊற்றிவிட்டான். அதில் இரண்டு ஒழுக ஆரம்பித்துவிட்டன. என்ன சந்தியாகுண்ணே, வயசாயிருச்சா என்று கேட்டார்கள். ஆமா என்றான். சொல்லாமலே சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது, வண்டிகள் பிழைக்கும். விரல் மட்டும் பிழைக்காது. கொம்பையா சாக்கடையைத் தாண்டிக்கொண்டே இருப்பார். சொன்னால் ஜெசிந்தா தம்பியைப் பார்ப்பாளா, புருஷனைப் பார்ப்பாளா. வாயைத் திறந்த பிறகு மூடுகிறதற்கு எந்தத் திருகு.

சொட்டியது. துளையின் கீழ் உதட்டில் ஒரு மணி திரண்டு, கனத்து, தயங்கி, விழுந்தது. இன்னொன்று. அவன் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் குத்த வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான், வெயில் முதுகில் ஏறியது, காதுக்குள் கம்ப்ரசர் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

"அத்தான்! மணியப் பாருங்க, பத்து! டிரம்முக்காரன் தாளம் தப்ப மாட்டாம்லா." அமலதாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், கையில் ஹெல்மெட், புதுச் சட்டை. வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தான். "யப்பா, பொண்ணு பாக்க வந்த எடத்துல நிக்கிற மாதிரில்லா நிக்கி. முடிஞ்சிட்டா?"

"முடியல. ஒரு நிமிஷம் இரு மாப்ள. இங்க வந்து பாரு. சொட்டுதா?"

"சொட்டுது."

"லேசாத்தான சொட்டுது? இப்பப் பாரு." வண்டியை முன்னால் தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சைடு ஸ்டாண்டில் சாய்த்தான். துளையிலிருந்து எண்ணெய் விரல் பருமனுக்குக் கொட்டிச் சிமெண்டில் ஓடியது.

"ஐயோ, மூடுங்க அத்தான், எண்ண போவுது."

"போவட்டும். நல்லாப் பாத்துக்கோ. சாச்சு வச்சா, இருக்க வேண்டிய எண்ணையே வெளிய வந்துரும். நான் எப்பவும் சாச்சு வச்சுத்தான் மட்டம் பாத்தேன். சொட்டுன ஒடனே மூடிருவேன். உன் வண்டிக்கும் அப்டித்தான் மூடுனேன்."

அமலதாஸ் சிரிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்றான். "அப்ப உள்ள கம்மியா இருந்துச்சா?"

"ஆமா."

"எவ்ளோ கம்மி?"

"ரெண்டு விரக்கட."

சொன்ன பிறகுதான் சொன்னது கேட்டது. எண்ணெய்க்கு, கஞ்சிக்கு, கடல் தண்ணிக்கு எல்லாவற்றுக்கும் விரலை வைத்துச் சொல்கிற அளவுதான். அமலதாஸ் தன் கையைப் பார்க்கவில்லை. சந்தியாகுதான் பார்த்தான்.

"செயின் நல்ல செயின்தான் மாப்ள. எண்ண எட்டாமக் காஞ்சு அறுந்துருக்கு."

"டூப்ளிகேட்டுன்னு சொன்னது யாரு?"

"நான்."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"அன்னைக்குத் தெரியாது." இங்கே நிறுத்திவிட்டால் போதும், இங்கே எல்லோரும் நிறுத்துவார்கள். "தெரிஞ்சுக்கப் பிடிக்கல. செயின்ல நீலம் இருந்துச்சு. பாத்தேன். இப்ப மூணு வாரமா நல்லாத் தெரியும்."

வாளி வைக்கும் சத்தம் கேட்டது. வாசல்படியில் ஜெசிந்தா நின்றாள், எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை, முகத்தைப் பார்த்தால் முதலிலிருந்தே நின்றிருக்கிறாள். செய்வதற்கு வேலை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சந்தியாகு வண்டியை மறுபடி டபுள் ஸ்டாண்டில் தூக்கினான், கொட்டிப்போன அளவுக்கு மேலே இருந்து ஊற்றினான், கொஞ்சம் கொஞ்சமாக, பொறுத்துப் பொறுத்து. அமலதாஸ் எதிரே குத்த வைத்து உட்கார்ந்து துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எழுந்து அடித்தாலும் நல்லது, கத்தினாலும் நல்லது, கொம்பையா கடை வாசலில் கத்தினானே அதில் பாதி கத்தட்டும். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொட்டு வந்தது. மிகுந்தது வழிந்து அடங்க விட்டார்கள், இரண்டு பேரும், அது எவ்வளவு நேரம் என்று யாரும் மணி பார்க்கவில்லை. கடைசிச் சொட்டு விழாமல் துளையிலேயே நின்றபோது சந்தியாகு திருகைப் பொருத்தி, அளவாக முடுக்கி, பழந்துணியால் துடைத்தான். அமலதாஸ் எழுந்தான். ஹெல்மெட்டை மாட்டினான். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. கிளட்சை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான், கேபிளை அவனுக்காகவே சந்தியாகு இளக்கி வைத்திருந்தான், இழுத்த இழுப்பில் வந்தது.

"கொம்பையா கட தொறந்துருக்கும்" என்றான், வண்டிச் சத்தத்துக்கு மேலே.

"ம்."

"நான் முன்ன போறேன். நடந்து வாங்க."

நடந்தான். ஜெசிந்தா சட்டையை எடுத்து நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள், ஆனால் நீட்டினாள், அதைப் போட்டுக்கொண்டு எண்ணெய்க் கையோடு நடந்தான். நடந்து வாங்க. பதினைந்து வருஷமாக அமலதாஸ் வாயில் அத்தான் இல்லாமல் ஒரு பேச்சு முடிந்ததில்லை, அத்தான் உப்பைத் தள்ளுங்க, அத்தான் மழை வருது, ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டதே அத்தான் வந்தாச்சா என்றுதான். இன்றைக்கு அது இல்லை. விழுந்துவிட்டது. ஆனால் வா என்று சொல்லவில்லை, வாங்க என்றான். போங்க என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் பனிமய மாதா தெரு முக்கைத் திரும்பினான், மீன் கூடைக்காரி ஒருத்தி, என்ன அண்ணாச்சி, பகல்ல முழிச்சிருக்கீரு என்று கேட்டுவிட்டுப் போனாள், தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மணலாகக் கிடந்தது, கால் தானாக நடந்தது. என்ன சொல்வது என்று யோசிக்க முயன்றான், வரவில்லை, வராததே நல்லது என்று பட்டது.

கடைக்கு வெளியே அமலதாஸ் வண்டியோடு நின்றான், உள்ளே போகவில்லை. கல்லாவுக்கு முன்னால் நாலு பேர், ஒருத்தன் பிளக் கேட்டுக்கொண்டிருந்தான். கொம்பையா நிமிர்ந்து பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், தாண்டிப் போக இங்கே சாக்கடை இல்லை.

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" என்றார். "அன்னைக்குத் திட்டுனது காணலியோ? ரெண்டு பேருமா வந்திருக்கிய."

சந்தியாகு படியேறினான். கம்ப்ரசர் அறையில் பேசிப் பேசிப் பழகிய குரல், மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது, தெருவுக்கே கேட்டது.

"கொம்பையா அண்ணாச்சி, நீங்க குடுத்தது நல்ல செயின்."